கட்டிய பணம், மூடிய கடை: தென்னூர்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

திருச்சி தென்னூர் உழவர் சந்தையிலிருந்து தில்லைநகர் வரை நடந்து போனாலே முன்பணம் வாங்கும் தொழில்கள் எத்தனை என்று தெரியும். ஜிம், டியூஷன் சென்டர், ஆரி வகுப்பு, மாதச் சாப்பாட்டு மெஸ், தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு. இவற்றில் ஒன்று திடீரென்று ஷட்டரை இறக்கிவிட்டால், பெரும்பாலானவர்கள் நாலு தடவை போன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. சிறிய தொகையையும் கேட்டு வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு.

1. மூடியது தெரிந்த அன்றே பூட்டிய கதவையும் பெயர்ப்பலகையையும் ஒட்டியிருக்கும் நோட்டீஸையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பலகை ஒரு வாரத்தில் காணாமல் போகும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழு இருந்தால், அதைக் கலைப்பதற்கு முன் பேச்சு முழுவதையும் சேமித்துவிடுங்கள். மெஷினில் அடித்துத் தரும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். உடனே நகல் எடுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்த ரசீதும் சீட்டு அட்டையும் கூட ஆதாரம்தான்.

2. மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி யு.பி.ஐ. ஆட்டோபே கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியவர்கள் வங்கிக்கு எழுதி 'சார்ஜ்பேக்' கேட்க வேண்டும். பணம் வாங்கியவர் சேவை தரவில்லை என்று காட்டினால், அவருடைய வங்கி வழியாகத் தொகை திரும்ப வர வாய்ப்புண்டு. இதற்குக் கெடு குறுகியது, பொதுவாக 120 நாள்தான். கடைக்காரர் ஏற்பாட்டில் பைனான்ஸ் கம்பெனிக் கடனாக ஃபீஸ் கட்டியிருந்தால், தவணையைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சிபில் மதிப்பெண் அடிபடும். கடை மூடிய விவரத்தைக் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள்.

3. பணம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. பலகையில் இருப்பது கடையின் பெயர். பணம் தர வேண்டியவர் வேறு பெயரில் இருப்பார். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் 15 இடங்கள். முதல் இரண்டு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு வியாபாரம், 'சி' என்றால் கம்பெனி. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் சட்டப்படியான பெயர், முகவரி, பதிவு ரத்தானதா என்பது எல்லாம் இலவசமாகவே தெரியும்.

தனிநபர் கடை என்றால், கடை மூடினாலும் கடன் அவர் தலையில்தான். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி ஊரை விட்டுப் போயிருந்தாலும், இருப்பவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம்; 1932-ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கம்பெனி என்றால் இயக்குநர்களின் சொந்தச் சொத்தில் கைவைப்பது கடினம், அதனால் வேகம் வேண்டும். உரிமையாளர் இறந்துபோய்க் கடை மூடியிருந்தால், வாரிசுகளுக்கு வந்த சொத்தின் அளவுக்குக் கேட்க உரிமை உண்டு. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் துக்கம் ஆறக் கொஞ்சம் நாள் கொடுத்துப் பதமாகப் பேசுங்கள்.

4. கட்டட உரிமையாளரைப் போய்ப் பாருங்கள். கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸ் அவரிடம் பாக்கி இருக்கலாம். உங்களிடம் தர வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆனால் கடைக்காரரின் வீட்டு முகவரி, எப்போது காலி செய்கிறார் என்ற தகவல் கிடைக்கும். வழக்கு என்று போனால் அந்த அட்வான்ஸை முடக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

5. பிறகு ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. எப்போது எவ்வளவு கட்டினீர்கள், எதற்கு, எப்போது மூடினார்கள், எவ்வளவு திரும்ப வேண்டும், 15 நாள் கெடு, அவ்வளவுதான். தொகையைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்: ஓராண்டுக்கு 12,000 ரூபாய் கட்டி நான்கு மாதம் போயிருந்தால் கேட்க வேண்டியது 8,000. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் சேர்த்து வையுங்கள். கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் வையுங்கள், அதுவும் ஆதாரம்.

6. அடுத்து, கொடுத்தது முன்பணமா, முதலீடா என்று பிரித்துப் பாருங்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் 2023 அக்டோபரில் பல ஊர்க் கிளைகளையும் மூடியபோது, நகைச் சீட்டுக் கட்டியவர்களும் பெரிய தொகையை முதலீடாகக் கொடுத்தவர்களும் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். திரட்டிய தொகை 100 கோடி ரூபாய் என்றது அமலாக்கத் துறை. அந்த நவம்பரில் நடந்த சோதனையில் கிடைத்ததாகச் சொன்னது 23.70 லட்சம் ரொக்கமும் 11.60 கிலோ தங்கமும். வசூலுக்கும் கைப்பற்றியதற்கும் உள்ள இந்த இடைவெளியைப் பார்த்தால், சீக்கிரம் புகார் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது ஏன் என்று புரியும்.

இப்படிப்பட்ட வழக்குகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது அது. மோசடி செய்தவர்களின் சொத்தை முடக்கி, விற்று, முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தரலாம். புகார் கொடுக்க வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. திருச்சியில் மன்னார்புரத்தில் இருக்கிறது. புகார் கொடுத்தவர்கள் பட்டியலில் நம் பெயர் இருந்தால்தான் பங்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார் நமக்கும் சேர்த்து என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: கம்பெனியாகப் பதிவான கடை, முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் அந்தப் பணம் டெபாசிட் ஆகிவிடும். நகைச் சீட்டுகள் 11 மாதத்தில் முடிவது இதனால்தான். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று நீளும் சீட்டைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

7. ஜிம், வகுப்பு, மெஸ் போன்றவற்றுக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், வாதியின் வீடு இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி சென்னையிலோ பெங்களூரிலோ பதிவாகியிருந்தாலும் தென்னூர்வாசிக்குத் திருச்சி போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து வைப்பது நல்லது.

மனுவில் கடைப் பெயரை மட்டும் எழுதினால் தீர்ப்பு வந்தும் வசூலிக்க முடியாது. மூன்றாவது குறிப்பில் கண்டுபிடித்த ஆளின் பெயரும் வீட்டு முகவரியும் வேண்டும். ஆணையம் சொன்ன பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

8. வழக்கு என்றாலே தயங்குகிறவர்கள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. எதிர்த் தரப்பை அழைத்துப் பேசி முடித்துவைக்கும் லோக் அதாலத்தும் அங்கேதான். உள்ளூரிலேயே இருக்கிற, கெட்ட எண்ணமில்லாமல் நொடித்துப்போன கடைக்காரர் என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். தவணை முறையில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு.

9. கடைக்காரர் சமாதானமாகச் செக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிடுங்கள். திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதன்பின் அவருக்கு 15 நாள் அவகாசம்; அது முடிந்த ஒரு மாதத்துக்குள் வழக்கு.

10. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மூடுவதென்று தெரிந்தே கடைசி வாரம் வரை புதிதாகப் பணம் வாங்கினார்கள் என்றால், அந்தத் தேதிகளை மனுவில் முதலில் எழுதுங்கள். ஏமாற்றும் எண்ணத்தைக் காட்டுவது அதுதான்.

11. கடை மூடிய செய்தி பரவியதும் "கமிஷன் கொடுங்கள், பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். முன்கூட்டி எதுவும் கொடுக்காதீர்கள். ரசீதுகளின் அசலை யாரிடமும் விடாதீர்கள், குழுவைத் திரட்டுகிறவர் தெரிந்தவராகவே இருந்தாலும். எங்கே கேட்டாலும் நகலைக் கொடுங்கள்; போலீஸோ நீதிமன்றமோ அசலைக் கேட்டால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுங்கள்.