சோகைக்குக் காரணம் தேடுதல்



குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும் பெண்ணுக்குக் கருவுற்ற சில மாதங்களில் ஏற்றம் ஏறுகையில் மூச்சு வாங்குவதும், கீழிமையின் உட்புறம் வெளிறிப்போவதும் ‘பிள்ளை உண்டானால் இப்படித்தான்’ என்று வீட்டாரால் எளிதில் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபின், கர்ப்பிணியின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. 7 கிராமுக்கும் கீழே போய்விட்டால், மற்றவர் தாங்கிக்கொள்ளும் பேற்றுக்கால இரத்தப்போக்கே அவளுடைய உயிரைப் பறிக்கக்கூடும்.

சோகைக்குக் காரணம் ஒன்றன்று. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சிவப்பணுக்கள் இயல்புக்கு மீறிப் பருத்திருப்பதை ஆராய்ந்து, பின்னர் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றி, ஈஸ்ட் சாறு அவ்வகைச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார்; அச்சாற்றில் இருந்த சத்தே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

மலேரியா வேறு வழியில் சோகையை உண்டாக்குகிறது. அதன் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்து வெளியேறுகிறது. பால்சிபாரம் என்னும் வகையோ நச்சுக்கொடியிலேயே தங்கிச் சிசுவுக்குச் சேரவேண்டிய ஊட்டத்தைத் தடுப்பதால், குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. குமரி மாவட்டத்தில் இந்நோய் இன்று அரிதென்றாலும், மலேரியா உள்ள ஊர்களுக்குப் போய் வந்த கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால், இரத்தத் தடவல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை.

ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழுவின் இளம்புழு, குடலை அடைந்து வளர்ந்து, குடற்சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தம் குடிக்கிறது; இரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறது. அதனால்தான் கர்ப்பத்தின் நான்காம் மாதம் தொடங்கியபின் அல்பெண்டசோல் ஒரு வேளையும், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை நாள்தோறும், பேற்றுக்குப் பின் ஆறு மாதமும், அரசு மருத்துவத்தில் தரப்படுகின்றன. மாத்திரையால் மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி அதை நிறுத்திவிடுவோர் பலர். அந்தக் கறுப்பு உடம்பில் சேராத இரும்பின் நிறமேயன்றி நோயன்று. மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவும் வயிற்றை நிறைக்கலாம், ஆனால் கிழங்கில் இரும்பு சொற்பம், சாயாவோ உணவிலுள்ள இரும்பைக் குடல் ஈர்ப்பதைத் தடுக்கும். ஆகவே மாத்திரைக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சாளை மீனும் எலுமிச்சைச் சாறும் உணவில் சேரவேண்டும்.

வீட்டில் அக்காவோ மதினியோ கருவுற்றிருந்தால், அவருடைய ஹீமோகுளோபின் அளவு எத்தனை என்று இன்றே கேட்டுப் பார்.