முதலில் டெசிபலைப் பாருங்கள்

நம்பிக்கை: பெரிய ஸ்பீக்கர் என்றால் பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

உண்மை: ஊர்த் திருவிழாவில் புளிய மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் சின்னதுதான்; பாட்டு அடுத்த ஊர்வரை கேட்கும். கொடுக்கிற மின்சாரத்தில் சாதாரண ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு கூடுதலான பங்கை ஒலியாகத் தள்ளிவிடுகிறது அந்தக் கூம்பு. நம் கூடத்தில் இருக்கும் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரோ நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மிச்சமெல்லாம் காயிலில் சூடாகப் போய்விடுகிறது.

எந்த ஸ்பீக்கர் எப்படி என்று தெரிந்துகொள்ள, விவரத்தாளில் 'சென்சிடிவிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த சத்தம், டெசிபலில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணில் 3 கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு. 86 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் எட்டுகிற சத்தத்தை 96 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே எட்டிவிடும். 50 வாட் ஆம்ப்ளிஃபையரை 100 வாட்டாக மாற்றினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதற்குச் செலவழிக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

நம்பிக்கை: ஆம்ப்ளிஃபையர் போர்டில் '100 வாட்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் 100 வாட்ஸ் வரும்.

உண்மை: சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.பி.ஏ.3116 சிப் போர்டையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் சுத்தமாகத் தராது. அதற்காக அதை மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 95 டெசிபல் ஸ்பீக்கர் கிடைத்தால் அந்த 9 வாட்டே வீட்டுக் கூடத்தை நிறைத்துவிடும். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம், ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள்.

நம்பிக்கை: டெசிபல் கூடக் கூட ஸ்பீக்கர் உசத்தி.

உண்மை: சிலர் 1 வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட்டில் அளந்த எண்ணைப் போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் 3 கழித்துப் பாருங்கள். இன்னொன்று, கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் சொன்ன விதி: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் (அதாவது உயர்ந்த சென்சிடிவிட்டி) மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்னப் பெட்டியில் 95 டெசிபல் என்றால் பேஸ் குறைந்தே தீரும்.

வாங்கும் முன், கடையில் பாட்டுப் போடாமல் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து, ட்வீட்டர் பக்கத்தில் காதை வையுங்கள். திறன் கூடிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரின் 'உஸ்ஸ்' இரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும். இரவில் மெதுவாகக் கேட்கும்போது அது உறுத்தும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுமே அலறினால், போர்டின் கெயின், அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவு, தேவைக்கு மேல் இருக்கிறது. டி.பி.ஏ.3116 போர்டைச் சாலிடரிங் கை பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்தால் ரெசிஸ்டரை மாற்றி 20 டெசிபலுக்கு இறக்கித் தருவார், இரைச்சலும் அடங்கும்.