ஊருணியின் களிமண் அடித்தளம்

"ஊருணியைத் தூர் வாரினோம், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தது, ஆயினும் மாசிக்குள் தண்ணீர் வற்றிவிட்டது" என்னும் முறையீடு சங்கக் கூட்டங்களில் அடிக்கடி நம் காதில் விழுகிறது. வெயிலைக் குறை கூறுவோர் பலர். குறையோ பெரும்பாலும் அடித்தளத்தில் இருக்கிறது.

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் நமது புதுக்கோட்டை. கந்தர்வகோட்டை முதலிய பகுதிகளில் மேல்மண்ணின் கீழே செம்பூரான் கல்லும் சரளையும் உள்ளன. அவை நீரை எளிதில் கீழே விட்டுவிடும். பல தலைமுறைகளாகப் படிந்த களிமண்ணே ஊருணி நீரைத் தாங்குகிறது. 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபின் தூர் வாரும் பணி பல ஊர்களில் நடந்துள்ளது. மண்வாரி இயந்திரம் வண்டலோடு களிமண்ணையும் வாரிவிடுமாயின், ஆழம் கூடும், நீர் நில்லாது. வாரும் மண்ணின் கன அளவுக்குக் கூலி பேசும் ஒப்பந்தம் இத்தவறைத் தூண்டுகிறது என்பது நமது கருத்து. வேலைக்கு முன்பே சில இடங்களில் கையால் சிறு குழி தோண்டிக் களிமண்ணின் கனத்தை அறிந்து, குறைந்தது 45 செ.மீ. விட்டு வைக்க வேண்டும். அக்குழிகளையும் களிமண்ணாலேயே இடித்து மூடுக.

கசிவை அறிய எளிய சோதனை உண்டு. மழையில்லாத நாளில், நீர் நிறைத்த அகன்ற சட்டியை ஊருணியின் ஓரத்தில், விளிம்பு நீருக்கு மேல் தெரியுமாறு பதித்து வையுங்கள். அருகே அளவுகோல் ஒன்றை நடுங்கள். சட்டியில் 6 மி.மீ. குறையும்போது ஊருணியில் 16 மி.மீ. குறைந்தால், மிகுதி 10 மி.மீ. கசிவாகும். ஓர் ஏக்கர் ஊருணிக்கு இது நாளொன்றுக்கு நாற்பதாயிரம் லிட்டர்! (கண்மாய் நீர் சிறிது கசிந்து கிணறுகளில் ஊறுவது நன்மையே, குடிநீர் ஊருணிக்கு அது நஷ்டம்.)

பழுது பார்க்கும் முறை யாதெனில், சரளை தெரியும் இடத்தையும் சீமைக்கருவேல வேர் சென்ற துளைகளையும் நல்ல களிமண் தென்படும்வரை சாய்வாக வெட்டி அகலப்படுத்த வேண்டும். செங்குத்தாக வெட்டினால் புதிய மண் பழைய மண்ணோடு ஒட்டாது. ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் 3 மி.மீ. கனமுள்ள திரியாக வர வேண்டும்; உடைந்தால் உதவாது. தனிக் கரிசல் காய்ந்தால் வெடிக்குமாதலால் சிறிது மணற்பாங்கான மண்ணைக் கலப்பது நலம். 20 செ.மீ. பரப்பித் திமிசுக் கட்டையால் 15 செ.மீ. ஆகும்வரை இடிக்க வேண்டும். மேற்பரப்பைக் கீறி நனைத்த பின்னரே அடுத்த அடுக்கு. இதில் சோம்பினால் அடுக்குகளின் நடுவே நீர் வழி தேடிக்கொள்ளும். நான்கு அடுக்குகள் போதும். வெடிப்பில் உலர்ந்த மண்ணைத் தூவுவது வீண் வேலை.

இங்கிலாந்தில் 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயிலும் ஜேம்ஸ் பிரிண்ட்லி பிசைந்த களிமண்ணையே நம்பினார்.

இடித்த பகுதியை அன்றே சாதாரண மண்ணால் ஒரு சாண் மூடுக. வெயிலும் மாட்டுக் குளம்பும் அதைக் கெடுக்கும். வேறு ஏரியிலிருந்து களிமண் எடுக்க உரிய அனுமதி பெறுவது அவசியம்.

சாயக் கழிவுநீர்க் குழிக்கும் இதுவே போதுமா என்று நெசவாளர் அங்கத்தினர் வினவலாம். போதாது. உப்பு மிகுந்த நீர் களிமண்ணின் கட்டைக் குலைத்துக் கசிவைக் கூட்டக்கூடும். திருப்பூரில் சாயநீரால் நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நாம் அறிந்தவையே. சாயநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்ப வேண்டும்.