முரானோ கண்ணாடி: வாங்குமுன் கவனியுங்கள்

வெனிஸ் நகரின் கண்ணாடி உலைகள் 1291-இல் முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் போலிகளுக்கும் பஞ்சமில்லை.

• பழைய பூச்சாடியா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள். ஊதிய பாண்டத்தை இரும்புக் கம்பியிலிருந்து பிரித்த இடத்தில் சொரசொரப்பான தழும்போ, அதைத் தேய்த்து மெருகேற்றிய வழவழப்பான வட்டமோ பெரும்பாலும் இருக்கும்.

• மேலிருந்து கீழாகத் தையல்போல் கோடு ஓடினால், அச்சில் செய்தது என்று சந்தேகிக்கலாம்.

• மேசையில் படும் அடிவிளிம்பில், பல திசைகளில் மெல்லிய கீறல்கள் இருப்பது பழமைக்கு அடையாளம். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் உப்புத்தாள் வேலை!

• ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ முத்திரைக்கான சட்டமே 1994-இல்தான் வந்தது. அது ஒட்டிய ஜாடியை 1950-களின் சரக்கு என்றால் உஷார்.

• 1921-இல் தொடங்கிய வெனினி பட்டறை, பல பாண்டங்களின் அடியில் அமிலத்தால் பெயர் பொறித்தது. கார்லோ ஸ்கார்பா போன்றோரின் வடிவமைப்பு என உறுதியானால் மதிப்பு பல மடங்கு ஏறும்.

• விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் விலை சரியும்.

• விற்பவர் சொல்லும் விலையைவிட, ஏலத்தில் அதே வகைப் பாண்டம் உண்மையில் விலைபோன தொகையே சரியான அளவுகோல்.