வன்னிப் பிள்ளைகளும் பாடசாலை உளவளத்துணையும்

இலங்கையின் வன்னிப் பகுதியைச் சேர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்று கற்கும் மாணவர் பெரும்பாலோர் 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவடைந்த பின்னரே பிறந்தவர்களாயினும், காணாமல் ஆக்கப்பட்டோரை இன்னமும் தேடும் குடும்பங்களின் துயரம் அவர்களையும் தொடுவதால், பிள்ளையின் மனச்சுமையைச் செவிமடுத்து அதனைத் தாங்கும் வழியை அப்பிள்ளையே கண்டறியத் துணைநிற்கும் பணியாகிய உளவளத்துணை, அங்குள்ள பாடசாலைகளுக்கு இன்றியமையாதது.

மருத்துவக் காரணம் புலப்படாத வயிற்றுவலி, தொடர் வரவின்மை, திடீர்ச் சினம் ஆகியவற்றைக் குழப்படி எனத் தண்டிப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநீதியாகும்; அவை எப்போது, எந்தச் சூழலில் தோன்றுகின்றன என்பதைக் குறித்துவைத்து, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் பெற்றோர் தெரிவிப்பது பயன்தரும். நடந்ததைச் சொல்லுமாறு பிள்ளையை வற்புறுத்தலாகாது. வரைதலும் விளையாட்டும் பேச்சுக்கு முன்னரே வழிதிறக்கக்கூடும். பிள்ளை கூறியவை இரகசியமாகப் பேணப்படவேண்டும் என்பதே பொதுவிதி; உயிராபத்தோ துன்புறுத்தலோ தெரியவரின், பாதுகாப்பின் பொருட்டு உரியவர்களுக்கு அறிவிக்கப்படும் என்பதை முதலிலேயே பிள்ளைக்கு விளக்குவது நேர்மையானது.

நோயை நிர்ணயிப்பது ஆலோசனை ஆசிரியரின் பணியன்று என்பதால், உறக்கமின்மையோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ காணப்பட்டால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவைத் தாமதமின்றி நாடவேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, உளநல உதவிக்கு 1926 ஆகிய தேசிய தொலைபேசி எண்களும் உள்ளன.