தெளுவு: புளிக்க விடாமல் இறக்குவதும் பருகுவதும்

தென்னம்பாளையைச் சீவி இறக்கும் இனிப்பு நீரைக் கொங்கு நாட்டார் தெளுவு என்பார்கள். பிற மாவட்டங்களில் அது பதநீர். அரசு ஏடுகளில் அதற்கு நீரா என்று பெயர். உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், காங்கயம் பகுதிகளில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதற்கான சந்தை தொலைவில் இல்லை. வெயில் காலத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்து வெளியே வருகிறவர்கள் ஏதேனும் ஒரு குளிர்ந்த பானத்தைத் தேடத்தான் செய்கிறார்கள். ஆனால் மரத்திலிருந்து திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிட்டால் அது தெளுவு அல்ல, கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. ஆகவே இத்தொழிலின் இலாபமும் நட்டமும் காலை நேரத்துச் சில மணிகளில் தீர்மானமாகி விடுகின்றன.

பாளைக்குள் ஊறும் சாறு தூய்மையானது. நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு சர்க்கரை அதில் உண்டு. வெட்டுவாயிலும், கழுவாத கலயத்திலும், தேடி வரும் ஈ எறும்பிலும் இருந்துதான் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதில் சேருகிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. பின்னர் வரும் நுண்ணுயிர்கள் அதையும் காடியாக்கி விடும்.

இனிப்பைக் காப்பாற்ற உலகில் பலரும் பல வழி கண்டிருக்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டில் டோரோ ஆற்றங்கரைத் திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் காரமான திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் மடிந்துவிடும்; மீதிச் சர்க்கரை அப்படியே தங்கும். போர்ட் என்னும் இனிப்பு ஒயின் இப்படி உண்டாவதே. நம்மவர்கள் சாராயத்திற்குப் பதில் சுண்ணாம்பைக் கையாண்டார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து ஈஸ்ட் அடங்கிவிடும். போதை ஏறாமல் இனிப்பைக் காத்த முறை இது.

சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு. கூடினால் நாக்கு வெந்துபோகும். பழகிய மரமேறிகளுக்குக் கையளவே கணக்கு. புதிதாகத் தொடங்குவோர் ஒன்று செய்து பார்க்கலாம். சிறிது தெளுவில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டால், சுண்ணாம்பு மிகுந்திருக்கும்போது அது செந்நிறமாக மாறும். மஞ்சளாகவே நின்றால் காரம் மிகவில்லை என்று அறியலாம்.

சுண்ணாம்பே வேண்டாம் என்போருக்குப் பனிக்கட்டி வழி உண்டு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு குளிர்ப் பெட்டியை உருவாக்கியுள்ளது. வெப்பம் புகாத பெட்டிக்குள் பனிக்கட்டி சூழச் சாறு சேரும் பை இருக்கும். பாளையின் நுனியைப் பெட்டியோடு பொருத்தி விடுவதால் பூச்சியும் தூசியும் விழுவதில்லை. இப்படிக் கிடைக்கும் சாற்றுக்குக் கல்பரசா என்று பெயரிட்டிருக்கிறார்கள். தேன் நிறமாயிருக்கும். பனிக்கட்டிச் செலவும், அதைத் தினமும் மரமேற்றும் வேலையும் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. தெளுவாகவே நகருக்கு அனுப்புகிறவர்களுக்கு இச்செலவு கட்டுப்படியாகும். கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்குச் சுண்ணாம்புக் கலயமே போதுமானது.

மரத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. மாதம் ஒரு பாளை தவறாமல் விடும் திடமான மரமே ஏற்றது. வெள்ளை ஈ தாக்கி மட்டை கருத்த மரத்தையும், வறட்சியில் குரும்பை கொட்டிய மரத்தையும் விட்டுவிட வேண்டும். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி வர வேண்டும். சாறு சுரக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன்பின் காலை மாலை இருவேளையும் மெல்லிய சீவல் போதும். ஆழமாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் முப்பது நாள் இறங்கினாலும் ஒரு பாளைக்கு 45 லிட்டர். அந்தப் பாளையின் காய் போய்விடும் என்பதையும், ஏறுகூலியையும் இதில் கழித்துப் பார்க்க வேண்டும். ஆள் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு.

இறக்கிய தெளுவை மெல்லிய துணியில் வடிகட்டி உடனே குளிரில் வைக்க வேண்டும். விற்றது போக மீதியை மறுநாளுக்கு வைப்பது அறிவீனம். அன்றைக்கே அடுப்பேற்றிக் கருப்பட்டியாக்கி விடலாம். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை இடித்துப் போடுவது பழைய வழக்கம்.

வாங்கிக் குடிப்பவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நல்ல தெளுவு காலையில் கிடைக்கும். புளிப்பு வாடை வீசாது. நுரை தொடர்ந்து எழும்பினாலோ, நாக்கில் சுருக்கென்று குத்தினாலோ புளிப்புத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுண்ணாம்புத் தெளுவைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கொள்ள வேண்டும். ஓலைப் பட்டையில் நுங்கு போட்டுப் பருகினால் அதன் ருசி தனி. ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் இனிப்பு நீர்த்துப்போகும். பாத்திரத்தோடு குளிர வைப்பதே சரி. ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். சோடாக் கடைப் பானங்களைவிட இதில் சர்க்கரை அதிகம். இயற்கையானது என்பதால் நீரிழிவு நோயாளிகளுக்கும் ஆகும் என்று சிலர் சொல்வதை நம்பி அவர்கள் குடிக்கலாகாது.

அனுமதியின்றிப் பாளை சீவுவது குற்றமாகும். 2017இல் தமிழக அரசு நீரா இறக்க வழி செய்து விதிகள் வகுத்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு பெற்ற உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக உரிமம் பெறுவதே அம்முறை. ஆர்வமுள்ளோர் முதலில் தம் பகுதி உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராகி, எத்தனை மரம், எந்த மாதங்கள் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பாளையில் நார் கட்ட வேண்டும்.