எஞ்சினை மாற்றியபின் தண்ணீர் குறைகிறதா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் வட்டாரத்தில் நவரை நெல் பொதிகட்டி நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில் ஏரித் தண்ணீர் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அதன்பின் கிணறுதான் துணை. மின் இணைப்பு இல்லாத சிறு விவசாயிகள் ஆயில் எஞ்சினை நம்பியே பயிரை வீடு சேர்க்க வேண்டும். கதிர் உருவாவது முதல் பூத்து முடியும் வரை நெல் தண்ணீர்க் குறையைத் தாங்காது. அச்சமயத்தில் எஞ்சின் படுத்துவிட்டால் பதர் மிகுந்துவிடும்.

பழைய எஞ்சின் தேய்ந்துபோனதென்று வேறொன்றை, பெரும்பாலும் கைமாறிய எஞ்சினை, வாங்கிப் பழைய பம்புடன் பொருத்துவது வழக்கம். ஓட்டிப் பார்த்தால் கரும்புகை கக்கும்; அல்லது எஞ்சின் ஒழுங்காக ஓடியும் வாய்க்காலில் பாதித் தண்ணீர்தான் விழும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணி உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்வோர் பலர். அந்த அவசரம் வேண்டாம். பல சமயம் கோளாறு எஞ்சினில் இல்லை, பொருத்தியதில் இருக்கிறது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். தனியே சீராக ஓடி, பெல்ட் மாட்டியதும் திணறினால் புல்லியைப் பார்க்க வேண்டும். தனியே ஓடும்போதே ஏறி இறங்கி ஓடினால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

புல்லிக் கணக்கு எளிது. எஞ்சின் சுற்றை எஞ்சின் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பம்பு புல்லியின் விட்டத்தால் வகுத்தால் பம்பின் சுற்று கிடைக்கும். பெரிய சக்கரம் வைத்த பழைய எஞ்சின்களில் ஒருவகை நிமிடத்துக்கு 650 சுற்று ஓடுவது. அதில் 16 அங்குலப் புல்லியும் பம்பில் 7 அங்குலப் புல்லியும் இருந்தால் பம்பு ஏறக்குறைய 1486 சுற்று ஓடும். இப்போது 1500 சுற்று எஞ்சின் தன் 5 அங்குலப் புல்லியுடன் வந்து அமர்ந்தால் பம்பு 1071 சுற்றுத்தான் ஓடும். சுற்று குறையும் அளவுக்குத் தண்ணீரும் குறையும். தூக்கும் உயரமோ அதைவிட வேகமாகக் குறையும். முன்பு 60 அடி தூக்கிய பம்பு இப்போது 31 அடிக்குமேல் தூக்காது. கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது ஒரு சொட்டும் வராமல் போகலாம். எஞ்சினில் 7 அங்குலப் புல்லி மாட்டினால் காரியம் முடிந்தது.

இதை விட்டுவிட்டுக் கவர்னர் திருகை முடுக்குவது கெட்ட பழக்கம். சரியான புல்லியுடன் ஓடும் பம்பின் சுற்றைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமை கூடும். கரும்புகையும் டீசல் செலவும் அங்கிருந்துதான் வருகின்றன. பழைய 16 அங்குலப் புல்லியை 1500 சுற்று எஞ்சினில் மாட்டுவது இன்னும் ஆபத்து. எஞ்சினால் இழுக்கவும் முடியாது, புல்லி தெறிக்கவும் கூடும்.

புது எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகவும் இருக்கலாம். பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. பம்பு உடலில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். தட்டைப் பெல்ட்டானால் குறுக்காக மாட்டினாலே போதும்.

இனி டீசல் வழி. எஞ்சினை இடம் மாற்றும்போது குழாய்களைக் கழற்றுவதால் காற்று புகுந்துவிடும். ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விட்டு முடுக்க வேண்டும். அடுத்து டீசல் பம்பிலும் அவ்வாறே செய்ய வேண்டும். மீண்டும் மீண்டும் காற்று புகுந்தால் பழைய வாஷர்களை மாற்ற வேண்டும். அரைமணி ஓடி நின்று, டாங்கு மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடுமானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசி போதும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால் காற்று வடிகட்டியையும் நாஸிலையும் பார்க்க வேண்டும். நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். பெரும்பாலும் ரிங் தேய்மானம். சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால் டீசல் சரியான நேரத்தில் பாயவில்லை எனலாம். டீசல் பம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுகள் கைமாறும்போது குறைந்தோ கூடியோ போவதுண்டு. இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. நாஸில் பீச்சலைக் கைவைத்துப் பார்க்கவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே செல்லும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேரிடும்.

பம்பு 20 அடிக்குமேல் உறிஞ்ச முடியாததால், எடை குறைந்த எஞ்சின் வந்ததும் அதைக் கிணற்றுக்குள் இறக்குவோர் உண்டு. எஞ்சின் புகையிலுள்ள நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினை மேலேயே வைத்து, நீண்ட பெல்ட்டால் கீழுள்ள பம்பை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ளே வைத்து ஓட்டியவர்கள், நிறுத்திய உடனே இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே குதிக்கவும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.